உயரம் வெச்சாச்சா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பாள் என் மனைவி. தப்பு. என் கோபம் நாக்கு நுனியில் இருக்கிறது. மூக்கோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

எங்கள் மலையேறுவோர் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. ரொட்டிக்கடை வைத்திருக்கிறவன்தானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு கிராம். அதற்கு மேல் ஒரு பேரீச்சம்பழம்கூடக் கிடையாது. இரண்டு தடவை சுட்ட ரொட்டி, காய்ந்த தக்காளி, பாலாடைக்கட்டி, உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலை. கீழே இருக்கும்போது எல்லாரும் சாக்லேட் சாக்லேட் என்று பறப்பார்கள். மேலே போனால் நாக்கு செத்துப்போகும், இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது என் உப்புக்கடலைக்கு அடிதடி நடக்கும். போன தலைவரே கைநீட்டி வாங்கித் தின்றிருக்கிறார். வேண்டாம், அந்த மனிதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

என்னோடு கயிறு கட்டிக்கொள்பவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று மரியாதை வழியும். இடுப்பில் கயிறு ஏறியதும் "டேய் மாப்ள, கால எங்க வைக்கிற? கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" என்பார். எனக்கு அந்த டேய்தான் பிடிக்கும்.

ஊருக்கு மேலே நிற்கிற பெரிய சிகரத்தைக் கிழக்கு முகடு வழியாக ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏழு தடவை போய்த் திரும்பியிருந்தார். மூன்று தடவை புயல். ஒரு தடவை என் வயிறு கெட்டுப்போனது, அதை இன்றுவரைக்கும் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் சொல்லிக்காட்டுவார். எட்டாவது தடவை கிளம்பும்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் தேய்ந்திருந்தது. "இந்த ஒரு தடவை போயிட்டு வாங்க. இதுக்கப்புறம் மலைன்னு என்கிட்ட வரக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போனோம். மூடுபனியில் உச்சியில் நின்றோம். வழக்கமாக அங்கே ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கும், அது கண்ணில் படவில்லை. "பனியில புதைஞ்சிருக்கும் மச்சான்" என்றேன். என் கையிலிருந்த உயரமானி உச்சியின் உயரத்தைச் சரியாகக் காட்டியது. நாலு பக்கமும் சரிவாகத்தான் இருந்தது. மனிதர் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். அவர் பனிக்கோடாலியைத் தூக்கிப் பிடித்ததை ஒரு படம் எடுத்தேன். இறங்கி வந்த மறுநாள் அவர் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. இப்போது மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். ஆனாலும் சங்கச் சுவரில், கயிற்றில் முன்னால் ஏறி உச்சி தொட்டவர்களுக்கான பெயர்ப்பலகையில் அவர் பெயரை எழுதினார்கள். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் சாயங்காலம் நொண்டி நொண்டி வருவார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. அதில் நின்றவர் கயிற்றுக்கடைக்காரர். நல்ல மனுஷன், நல்ல கயிறு, ஆனால் மண்டையில் ஒரே எண்ணம்: ஏறுகிறவர்கள் ராத்திரி தங்குகிற மலைக்குடில் வரைக்கும் ரோடு போட வேண்டும். ரோடு வந்தால் தினமும் முந்நூறு பேர் வருவார்கள், கயிறு விற்கும், அது அவர் கவலை. முந்நூறு பேர் எங்கே போய் ஒதுங்குவார்கள் என்பது எங்கள் கவலை. "கிழக்கு முகடு ஏறினவர் சொன்னா நாலு பேரு கேப்பாங்க" என்று நாங்கள் மச்சானை நிற்க வைத்தோம். தேர்தல் சுவரொட்டிக்கு அந்த உச்சிப் படத்தை எடுத்துக்கொண்டு நான்தான் அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகத்துப் பெண் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பனியைக் கொஞ்சம் தெளிவாக்கினாள். பிறகு சலித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவர் தலைக்கு மேல பின்னால ஒரு கம்பி துருத்திக்கிட்டு நிக்குது. அசிங்கமா இருக்கு. அழிச்சிடட்டுமா?"

குனிந்து பார்த்தேன். மூடுபனி ஒரு நொடி விலகியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை, கேமரா கவனித்திருக்கிறது. மச்சானின் தோளுக்குப் பின்னால் ஒரு பாறை மேலே ஏறிப் போகிறது. அதன் உச்சியில் அந்த இரும்புக் கம்பி, ஒரு மொட்டைக் கம்பி, தெள்ளத்தெளிவாக நிற்கிறது. நாங்கள் நின்றது முன்னால் இருக்கிற சின்ன மேடு.

"என்னண்ணே, அழிச்சிடவா? ஒரு நிமிஷ வேலை."

"தொடாதம்மா. அப்படியே ஒண்ணு எடுத்துக் குடு."

அது எப்படி நடந்தது என்று அந்தக் கடை வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உயரமானி காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற கருவி. வானிலை கெட்டு அழுத்தம் இறங்கினால் அது ஏமாந்துபோய் உயரத்தைக் கூட்டிச் சொல்லும். அதனால் விடிகாலையில் குடிலை விட்டுக் கிளம்பும்போது, கதவுக்கு மேலே எழுதியிருக்கும் உயரத்துக்கு அதைத் திருகி வைக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கதவருகில் நின்று ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். "முடிச்சு?" "போட்டாச்சு." "விளக்கு?" "இருக்கு." "உயரம் வெச்சாச்சா?" "வெச்சாச்சு." பதில் வந்தபிறகு கேட்டவர் போய்த் தொட்டுப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் அது பெரிய அவமானம். கயிற்றில் தொங்கும்போது கூட இருப்பவனின் வார்த்தையைத்தானே நம்ப வேண்டும், அந்தப் பழக்கம் கதவிலேயே ஆரம்பிக்கட்டும் என்று வைத்தார்கள்.

அன்றைக்கு விடிகாலையில் நான் கஞ்சியைக் கருக்கிவிட்டேன். வானம் எப்படி இருக்கிறது என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அடிப்பிடித்துவிட்டது. மச்சான் ஒரு வாய் வைத்தார். "ரொட்டிக்கடைக்காரருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியல. ஊருக்குள்ள சொன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று ஆரம்பித்து, பையைக் கட்டும் வரைக்கும் விடவில்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. பாத்திரத்தைச் சுரண்டுகிறேன், சுரண்டுகிறேன், கரி போகவில்லை. கதவருகில் அவர் கேட்டார்.

"உயரம் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு வெச்சாச்சு" என்றேன், எரிந்து விழுந்து.

வைக்கவில்லை. போகிற வழியில் வைத்துக்கொள்ளலாம், இவரிடம் இன்னும் ஒரு பேச்சு வாங்க முடியாது என்று நினைத்தேன். வெளியே காற்று அடித்த அடியில் மறந்தேபோனேன். ஆள் அங்கே இருந்தேன், மனசு அந்தக் கரிப் பாத்திரத்திலேயே இருந்தது.

படத்தை வீட்டில் மனைவியிடம் காட்டினேன். கதவருகில் நான் பொய் சொன்னதைச் சொல்லவில்லை, படத்தை மட்டும்தான் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கண்ணனுக்கு இது ஒண்ணுதாங்க இருக்கு" என்றாள். பிறகு, "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா தாங்க மாட்டார்."

மறுநாள் மத்தியானம் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வீங்கின காலை ஒரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். படத்தை விடைத்தாள் மேலேயே வைத்தேன்.

"மச்சான், நாம உச்சிக்குப் போகல."

அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும் மேல?"

"நாப்பது மீட்டர்."

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"இருபது நிமிஷம்."

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். "நாம அங்க அரை மணி நேரம் உக்காந்து கடலை தின்னோம் மாப்ள" என்றார்.

வாயைத் திறந்தேன், சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார். "நீ காலைல வெச்சதுக்கப்புறம் அழுத்தம் விழுந்திருக்கும். வானத்த நாமளா பிடிச்சி வைக்க முடியும்? விடு." நான் விட்டேன். தண்ணீரில் விழுந்தவன் கிளையைப் பிடிக்கிற மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன், ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் கூட்டம். நூற்றுச் சொச்சம் பேர், காலணிகளின் ஈர நாற்றம், பின் வரிசையில் நிற்க இடமில்லை. முதல் பேச்சு மச்சானுடையது. சாலையைப் பற்றிப் பேசுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் நொண்டிக்கொண்டே பெயர்ப்பலகைக்குப் போனார், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தன் பெயரை அழித்தார். பெயிண்ட் சீக்கிரத்தில் போகவில்லை. கூடம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு நிமிஷம் நின்று தேய்த்தார். பிறகு படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னார். நாற்பது மீட்டர், இருபது நிமிஷம். "எல்லாரும் பாக்க எழுதினீங்க, எல்லாரும் பாக்க அழிச்சாச்சு. இனி ஓட்டு உங்க இஷ்டம்."

கயிற்றுக்கடைக்காரர்தான் எழுந்தார்.

"குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல வாத்தியாரே. நாளைக்கு நாங்களும் போறவங்க, அதனால கேக்கறேன். கிளம்பும்போது உயரம் வெச்சீங்களா?"

"கேட்டேன். வெச்சாச்சுன்னு மாப்ள சொன்னார்."

"அவர் நிஜமாவே…"

"நிறுத்துங்க." மச்சானின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "இருபத்திரண்டு வருஷமா என் உசுரு இந்த மனுஷன் வார்த்தையில தொங்கிக்கிட்டு இருக்கு. அவர் வெச்சாச்சுன்னா வெச்சதுதான். வானத்த வேணா சந்தேகப்படுங்க, எங்க மாப்ளய சந்தேகப்படாதீங்க."

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிஷத்தை நான் என் எதிரிக்குக்கூட விரும்ப மாட்டேன். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், சாகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. கைதட்டல் அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துவிட்டேன்.

"நான் வைக்கல" என்றேன்.

சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "நான் உயரம் வைக்கல. மச்சான் கேட்டார், நான் கோவத்துல வெச்சாச்சுன்னு பொய் சொன்னேன். கஞ்சி கருகிடுச்சு, கிண்டல் பண்ணார், அதுக்காக. வானம் ஒண்ணும் பண்ணல. நான்தான்."

மச்சான் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார், அவ்வளவுதான். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயலாளர் அம்மா தபால் நிலையத்தில் வேலை செய்பவர், எது நடந்தாலும் விதிப்புத்தகம் கையில் இருக்கும். எழுந்து படித்தார். கதவில் பொய்ப் பதில் சொன்னவர் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், மூன்று வருஷத்துக்கு மேற்போகாமல் கயிறு கட்டக் கூடாது. எத்தனை வருஷம் என்று தலைவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். "முதல்ல தலைவர் யாருன்னு பாப்போம்" என்று சொல்லி ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

மச்சான் ஏழு ஓட்டில் ஜெயித்தார். உச்சிக்குப் போகலன்னு தானே ஒத்துக்கறவன் மலைய விக்க மாட்டான் என்று யாரோ பின்னால் பேசிக்கொண்டார்கள். கயிற்றுக்கடைக்காரர் வந்து கைகொடுத்தார், என் தோளையும் தொட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என் மனைவி வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் அறையில் செயலாளர் அம்மா அச்சிட்ட தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். மச்சான் பேனாவைத் திறந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. எழுதினார், கையெழுத்திட்டார், தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"படிச்சிட்டுப் போடு."

படித்தேன். இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தது. ஒரு வருஷம்தான் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நிமிர்ந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையை விலக்கவில்லை.

"ஒரு வருஷம் சங்கத்துக்கு" என்றார். "இன்னொண்ணு எனக்கு."

பேனாவை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.