ஆறு மணிக்குள்

ஒரே விளையாட்டை நாள் முழுக்க விளையாடி, அதில் எங்கே பிழை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். முந்நூறாவது தடவை அதே கதவைத் திறக்கும்போது வரும் எரிச்சல் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது மாடியில், வாடகை இடத்தில், நாங்கள் பதினோரு பேர். கதை எழுதுகிறவரைக் கதையக்கா என்போம். ஒலிப்பதிவு செய்கிறவர் சத்தம் அண்ணா. வாயைத் திறந்தால் மூட வராது என்பதாலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தும்.

அந்த வருடம் நாங்கள் செய்த கேமின் பெயர் 'ஆறு மணிக்குள்'. துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது. ஒரு வீடு, அதில் ஒரு பெண். விளையாடுகிறவர்தான் அந்தப் பெண். ஆறு மணிக்குக் கணவன் வருவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். கணவனின் முகம் கடைசிவரை தெரியாது. சாவி திரும்பும் சத்தம், ஷூ சத்தம், பிறகு ஏதாவது ஒரு பொருளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி: "இது ஏன் இப்படி இருக்கு?" அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். சோதனைக்கு வந்து விளையாடியவர்கள் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டார். முதலாளிக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நான் எழுதிய பிழைப் பட்டியலில் இதுவும் ஒன்று: 'பாத்திரம் கழுவிய பிறகு தொட்டியில் நிற்கும் தண்ணீர்த் துளிகளையும் துடைக்கச் சொல்கிறது. யாரும் இப்படிச் செய்வதில்லை. எடுத்துவிடலாமா?'

கதையக்காவின் பதில் வந்தது: 'பிழை இல்லை. துடைக்கலைன்னா கேப்பார்.'

இரண்டு தடவை படித்தேன். கதைக் குறிப்புகளில் அந்தக் கணவன் எப்போதும் 'அவன்'தான். ஓரிடத்தில்கூட மரியாதை கிடையாது. இங்கே மட்டும் எப்படி 'கேப்பார்' என்று வந்தது?

அதே வாரம் சத்தம் அண்ணாவைக் கதையக்கா பாடாய்ப் படுத்தினார். சாவிச் சத்தத்தை ஒன்பது தடவை திரும்ப எடுக்க வைத்தார்.

"சாவி ரெண்டு தடவை திரும்பணும். ரெண்டாவது தடவை மெதுவா."

"அக்கா, இதுக்குப் பூட்டு செய்யறவனையே கூட்டிட்டு வந்துடலாம்," என்றார் அண்ணா.

ஒன்பதாவதைக் கேட்டதும் கதையக்கா ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே வைத்தார். உதடு வெளுத்திருந்தது. "இதுதான். இனிமே மாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணா அன்று மாலைவரை அதிகம் பேசவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டேன். "அக்கா, இது யார் வீடு?"

"கற்பனைதான்டி. நல்லா இருக்குல்ல?" என்று சிரித்தார். பேசிக்கொண்டே மேசையில் விழுந்திருந்த துளிகளைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். தினமும்போல அன்றும் ஐந்து பத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கேம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டாரை அழைத்து வந்து காட்டலாம் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். கதையக்கா வீட்டில் சொல்லவில்லை. ஆனால் முதலாளி ஆர்வக்கோளாறில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்.

கதையக்காவின் கணவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் எல்லோருக்குமாக ஒரு பெட்டி பிஸ்கட். ஒவ்வொருவரையும் விசாரித்தார். முதலாளி மகளின் படிப்பைப் பற்றிக்கூடக் கேட்டார். இப்படித் தங்கமான மனுஷரா என்று எல்லோரும் வியந்தார்கள். கதையக்கா மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், உங்க வீட்டம்மா கைவண்ணத்த நீங்களே பாருங்க," என்று முதலாளி அவரைப் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். விளையாடுகிறவர்களுக்கு உதவ நான் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லம்மா. நீதான் சொல்லிக் குடுக்கணும்."

எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

திரையில் தெரிந்த வீட்டில், முதலில் செருப்பைக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். தொட்டியைத் துடைத்தார். திரைச்சீலையின் இரண்டு மடிப்பையும் சமப்படுத்தினார். அந்தப் பெண்ணின் போனை, திரை மேலே தெரியும்படி மேசை நடுவில் வைத்தார். பிறகு டிவி சத்தத்தைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு மாதமாக அந்த வீட்டிலேயே குடியிருக்கிறேன், டிவி சத்தத்துக்கு ஒரு கணக்கு இருப்பது எனக்கே தெரியாது.

ஆறு மணி. சாவி இரண்டு தடவை திரும்பியது. ஷூ சத்தம் அறை அறையாகப் போனது. 'இது ஏன் இப்படி இருக்கு?' என்ற கேள்வி வரவில்லை. திரை இருளவில்லை. அந்த முடிவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

முதலாளி கை தட்டினார். "பிரமாதம் சார்! முதல் தடவையிலேயே!"

கணவர் கன்ட்ரோலரை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். "நல்லா கவனிச்சிருக்கா," என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "போலாமாம்மா? மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

கதையக்கா பையைத் தேடி எடுத்தார். ஜிப்பை மூடாமலேயே தோளில் மாட்டினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "சார், நீங்க விளையாடினதுல ஒரு பிழை காட்டுது. திங்கட்கிழமை அனுப்பியாகணும். அக்கா இல்லாம ஆகாது."

அவர் என்னையே பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"தாராளமா. நான் காத்திருக்கேன்." ரிசப்ஷனில் போய், லிப்டைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பிழை? ஒண்ணுமில்லையே!" என்று முதலாளி ஆரம்பித்தார். சத்தம் அண்ணா அவர் தோளை அழுத்தி நிறுத்தினார். என்னையும் கதையக்காவையும் ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்தினார். அங்கே கத்தினாலும் வெளியே கேட்காது.

"அக்கா, இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்க," என்றேன்.

"யாராவது கண்டுபிடிக்கட்டும்னுதான் எழுதினேன்போல. அவரே வந்து பாப்பார்னு நினைக்கலடி." கதையக்கா அழவில்லை. "நான் போகலைன்னா இங்க வருவார்."

"வரட்டும். உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"ஒரு அக்கா. பேசி நாலு வருஷமாச்சு. பேசக்கூடாதுன்னுட்டார்."

அண்ணா தன் போனை நீட்டினார். கதையக்கா எண்ணை நினைவிலிருந்தே அழுத்தினார். "அக்கா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். எதிர்முனையில், "எங்கடி இருக்க? சொல்லு, நான் வரேன்" என்றது எனக்கே கேட்டது.

வரவேண்டாம், நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்றார் அண்ணா. பின்பக்கம் சாமான் ஏற்றும் லிப்ட், கீழே அவருடைய கார். அதுவரை முன்பக்கம் யாராவது பேச்சுக் கொடுக்க வேண்டும். நான் ரிசப்ஷனுக்குக் காபி எடுத்துப் போனேன்.

"உக்காரும்மா. நீ எத்தன தடவ விளையாடியிருப்ப?"

"முந்நூறுக்கு மேல சார்."

"ஒரு தடவையாவது ஜெயிச்சியா?"

"இல்ல சார்."

"பொறுமை வேணும்," என்றார் அன்பாக. பிஸ்கட் உறையை நான்காக மடித்து, விரலால் நீவினார். கோப்பையைத் தொடவில்லை. "சத்தமே காணோமே உள்ள?"

என் போன் அதிர்ந்தது: 'கிளம்பிட்டோம்.' முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ, அவர் எழுந்துவிட்டார். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. கதையக்காவின் மேசையில் கலைந்திருந்த பேனாக்களை வரிசைப்படுத்தினார். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

கதையக்கா இப்போது அவருடைய அக்கா வீட்டில் இருந்துகொண்டே வேலை பார்க்கிறார். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. கணவர் அவருக்கோ எங்கள் ஆபீசுக்கோ பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவும் வாங்கியாயிற்று. கேம் வெளிவந்தது, நன்றாகவும் போகிறது. 'இது என் வீடு' என்று முன்பின் தெரியாத பெண்கள் எழுதும் கடிதங்களுக்கு அவர் ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறார்.

அவர் கணவரின் கார் தினமும் எங்கள் கட்டடத்துக்கு எதிர்ச் சாரியில், உத்தரவு சொல்லும் தூரத்துக்கு ஓர் அடி தள்ளி நிற்கும். ஏழு வாரம் நின்றது. நேற்று நிற்கவில்லை.

"விட்டுதுடா சனியன்!" என்றார் சத்தம் அண்ணா.

நான் கதையக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "எத்தன மணிலேருந்து காணோம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், கதவைத் தாழ்போடச் சொல்லி அவர் தன் அக்காவைக் கூப்பிடுவது கேட்டது.