மெத்தைக்காரரின் பிடி

தக்காளி விலை இரண்டு மடங்கு ஏறிய வாரத்தில், தற்காப்புப் பயிற்சிக் கூடத்து மெத்தைக்காரரின் கையில் எந்தப் பொருளும் நிற்காமல் போயிற்று. முதலில் போனது பல் துலக்கும் பிரஷ். பிறகு சீப்பு, வாளியின் பிடி, பேருந்தின் மேல்கம்பி. வழுக்கி விழுந்தன என்று சொன்னால் சரியாகாது. ஒவ்வொன்றும் அவருடைய பெருவிரல் பக்கமாகத் திரும்பி, வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி, முறைப்படி தன்னை விடுவித்துக்கொண்டு போயிற்று. டாக்டர் சோதித்துவிட்டு நரம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அழுத்திப் பழகுவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். பந்து அவர் கையிலிருந்து திமிறி, ஜன்னல் வழியே தெருவில் குதித்து, இறக்கம் பார்த்து ஓடிவிட்டது. டாக்டர் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதற்குக் காரணம் அவருடைய தொழில் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண் இன்ஸ்பெக்டர், பழைய பஞ்சுக் கிடங்கை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்குத் தற்காப்பு கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ள ஆள் வந்தார்கள். தாக்க ஆள் கிடைக்கவில்லை. லாரி ஷெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இவரைப் பார்த்ததும், "இந்தக் கை போதும்யா, மூஞ்சி வேண்டாம்" என்று கூட்டிவந்துவிட்டார். தலை முதல் கால்வரை மெத்தைபோலப் பஞ்சு அடைத்த உடை. முகத்துக்குக் கம்பி போட்ட தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அவர் பெண்களின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், முடியைப் பிடிக்க வேண்டும், பின்னாலிருந்து கழுத்தைச் சுற்ற வேண்டும். அவர்கள் விடுவித்துக்கொள்வார்கள், காலை மிதிப்பார்கள், தாடையில் உள்ளங்கையால் அறைவார்கள், "தள்ளி நில்லு!" என்று கத்திவிட்டு வாசலைப் பார்த்து ஓடுவார்கள். ஓடுவதுதான் பாடத்திலேயே பெரிய பாடம் என்பார் இன்ஸ்பெக்டர். முதல் பாடம் மணிக்கட்டு. எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் தனி. இரண்டும் சந்திக்கிற இடம்தான் பூட்டில்லாத கதவு, அந்தப் பக்கமாக இழு. மெத்தைக்காரர் பொய்யாகப் பிடிக்க மாட்டார். முறை சரியாக இருந்தால் வீம்புக்குப் பிடித்து வைக்கவும் மாட்டார். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கதவு வழியாக வெளியே போய்வந்தவர்கள். அத்தனை பேர் போய்வந்த கதவு சாத்தாமலே நின்றுவிட்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பாடம் முடிந்ததும் பெண்கள் இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மெத்தையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கம்பிக்குள் இருக்கும் முகம் அவர்களுக்குத் தெரியாது, கைதான் தெரியும். சந்தையில் அவர் முருங்கைக்காய் பக்கம் கையை நீட்டினால், பக்கத்தில் நின்ற பெண்ணின் கால்கள் அவளைக் கேட்காமலே ஒரு தப்படி பின்வாங்கி, அகன்று நிற்கும். அவள் தன் காலையே அதிசயமாகப் பார்த்துவிட்டு அப்பால் போய்விடுவாள். பேருந்தில் எவ்வளவு நெரிசலானாலும் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். உட்காரத் தோன்றவில்லை என்பார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அவருக்கு இருந்தது ஒரே மகள். மனைவி காய்ச்சலில் போனபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஐந்து வயது ஆனதும் அவர் ஒரு தப்பு செய்தார். அந்தத் தொழிலில் இருக்கிறவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு: மகளுக்கு விளையாட்டாக அந்த மணிக்கட்டுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலமெல்லாம் அவர் பிடிப்பார், அவள் விடுவித்துக்கொண்டு வீடு முழுக்கச் சிரித்தபடி ஓடுவாள். பல் துலக்கும் பிரஷ் கைவிட்டுப் போன அதே வாரம், பள்ளிக்கூடத்து எதிரே, அவள் கை அவர் கையிலிருந்து போயிற்று. இந்தமுறை அவள் எதுவுமே செய்யவில்லை. சும்மாதான் நடந்துவந்தாள். அவள் கை மட்டும் தானாகத் திரும்பிக்கொண்டது, அவள் போன வேகத்தில் சாலைக்கு நடுவே போய் நின்றாள். ஒரு வேன் அவளுடைய செருப்பின் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, செருப்புக்குள் கால் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளே மனைவியின் அக்கா வந்து இறங்கினார். "தம்பி, உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா பிடிக்காத கையை நம்பிப் பிள்ளைய எப்படி விடுறது, சொல்லுங்க."

"கூட்டிட்டுப் போங்கக்கா. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர். மகளின் துணிப்பையை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு பேருந்துவரை வந்தார். பெரியம்மாவின் மடியிலிருந்து அவள் கையை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தை அதை மறக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவும் இல்லை. பண்டிகைக்கு, பரீட்சை முடிந்ததற்கு என்று அவர் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள். நல்லா இருக்கியாம்மா, நல்லா இருக்கேம்பா. அவளுக்குத் தோள் வளர்ந்தது, குரல் வளர்ந்தது, இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. கையை ஆட்டி விடைகொடுக்க அவருக்குத் தடையில்லை. அதற்குப் பிடி தேவையில்லை.

கூடத்தில் வேறொரு சிக்கல் வந்தது. முதல் நாள் வந்தவர்கூட அவர் பிடியிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் மெத்தை, உன் கையில இருந்து தப்பிச்சதை நம்பி வெளியில போனா, எவளும் உருப்படியா வீடு வந்து சேர மாட்டா. இனிமே நீ பிடிக்க வேண்டாம்யா. அடி மட்டும் வாங்கிக்கோ."

அப்படியே ஆயிற்று. பிடிக்க வேறு ஆள் வந்தான். இவர் அடி வாங்கினார். அதன் பிறகு அவர் உடம்பை வேறொரு மனிதர் தொட்டதெல்லாம் அந்தப் பஞ்சுக்கு வெளியிலிருந்துதான். அடியை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டார். வங்கிக்காரப் பெண் அடித்துவிட்டு உடனே கையை எடுப்பாள். தையற்கார அம்மா அறைந்த கையை ஒரு கணம் கூடுதலாக அவர் தாடையில் வைத்திருப்பார். அது மறதியாகத்தான் இருக்கும். என்றாலும் அவர் அந்த வகுப்புக்கு ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. வீட்டில் கதவைத் தோளால் திறந்தார், குழம்புக் கிண்ணத்தை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்திக் குடித்தார், தலைமுடி நரைத்தது. ஊரில் மேம்பாலம் வந்தது, தக்காளி விலை இறங்கியது, மறுபடி ஏறியது.

மகள் போலீஸில் சேர்ந்த செய்தி பெரியம்மா வழியாக வந்தது. அவர் ஊருக்கே மாற்றலாகி வந்த செய்தி யார் வழியாகவும் வரவில்லை, அவளே வந்தாள். மதிய வகுப்பு முடிந்து, மெத்தை உடையைக் கழற்ற ஆள் இல்லாமல் அவர் பெஞ்சில் காத்திருந்தபோது, ஒருத்தி வந்து முதுகுப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசியாகத் தொப்பியை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டரம்மாவை டிரெயினிங்ல பாத்தேன். பாடம் எடுக்க வந்தாங்க" என்றாள். "எல்லாம் சொன்னாங்க. ஏம்ப்பா, கை பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்கலன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"குடுங்க கையை."

"வேணாம்மா. விட்டுடும்."

"நீங்க எதுக்குப் பிடிக்கிறீங்க? நான் பிடிச்சுக்கறேன். எங்களுக்கு வேலையே அதுதான்."

ஆளைக் கூட்டிப்போகப் போலீஸில் ஒரு பிடி உண்டு. ஒரு கை மணிக்கட்டில், மற்றக் கை முழங்கைக்கு மேலே, நடுவில் உள்ளதை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொள்வது. அவள் அதைப் போட்டாள். அவருடைய கை, பழகிய கை அல்லவா, தானே திரும்பிப் பெருவிரல் பக்கமாக வழி தேடியது. அங்கே அவளுடைய விலா இருந்தது. மறுபடி தேடியது. "அந்தப் பக்கம் நான் நிக்கறேன்ப்பா. எங்க போகப் பாக்குது?" என்றாள். கொஞ்ச நேரம் துடித்துவிட்டுக் கை அடங்கியது. அவர் தோளும் அடங்கியது. அப்படியே இருவரும் வெளியே வந்தார்கள்.

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. சலூன்காரர் கத்திரியோடு வெளியே வந்து, "என்னம்மா கேஸு? பூச்சிக்குக்கூடக் கெடுதல் செய்யாத மனுசனாச்சே!" என்றார்.

"ரொம்ப வருஷமா தலைமறைவு அண்ணே. இப்பதான் மாட்டினார்."

அவர் கையில் இன்றுவரை எதுவும் நிற்பதில்லை. மகளின் வேலை முடியும் நேரத்தைப் பொறுத்து, ஐந்துக்கோ ஆறுக்கோ, அவர் தினமும் கூடத்து வாசலில் கைதாகி, கடைத்தெரு வழியாக வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறார். கூட்டம் கூடுவதில்லை.