வாணி வீட்டுச் சத்தம்

மலர்விழி டீச்சருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம், வீட்டில் கேட்கும் சத்தங்களைப் போனில் பதிவு செய்து வரச் சொன்னார். அதைக் கேட்டு அது எந்த இடம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் குதித்தார்கள். தலைமையாசிரியர் அவர்களைவிட அதிகமாகக் குதித்தார். அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் சேர வேண்டுமே! மலேசியாவில், எங்கள் கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு பிள்ளை தும்மினாலும் பேஸ்புக்கில் போட்டுவிடுவோம்.

வாணி புதிதாகச் சேர்ந்தவள். சேர்க்க வந்த அன்றே அவள் அம்மா மாதவி கெஞ்சியிருந்தாள்.

"இவ படத்த எங்கயும் போட்டுறாதீங்க டீச்சர். இவ அப்பா எங்கள தேடிக்கிட்டு இருக்காரு. இந்தத் தடவ கெடச்சா என்னைய உயிரோட விடமாட்டாரு."

டீச்சர் வாக்குத் தவறவில்லை. படமும் போடவில்லை, பெயரும் போடவில்லை. பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில், கறுப்புத் திரையில் சத்தம் மட்டும். "இது எங்க வீடு. கண்டுபிடிங்க லா!" என்று வாணியின் சின்னக் குரல். பிறகு ரயில் நிலைய அறிவிப்பு, கோயில் மணி, ரொட்டி சானாய் கடையில் ஆர்டர் கூவும் குரல்.

பெற்றோர்கள் முண்டியடித்துக்கொண்டு விடை எழுதினார்கள். ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். படமில்லாத ஒரு கணக்கு மட்டும் விடை சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எந்த ஸ்டேஷன் அண்ணே?" "ரொட்டி கடைக்கு மேல வீடு இருக்கா அக்கா? படி எந்தப் பக்கம்?" வழி சொல்வதென்றால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு புண்ணியவான் லொகேஷனையே அனுப்பிவைத்தார்.

ஓய்வு நேரத்தில்தான் டீச்சர் பார்த்தார். பாராட்டுகளைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவர் அந்தக் கேள்விகளில் நின்றார். கடைசியாக அதே கணக்கு எழுதியிருந்தது: "கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். கீழ ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

உடனே மாதவியை அழைத்தார். போர்ட் கிள்ளான் கிடங்கில் இரவு வேலை முடித்து அவள் தூங்கும் நேரம். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். இந்த முறை யாரோ எடுத்தார்கள்.

"மாதவி! கதவத் திறக்காதீங்க!"

ரயில் அறிவிப்பு கேட்டது. கீழே யாரோ ஆர்டர் கூவினார்கள். பிறகு நிதானமான ஓர் ஆண்குரல்.

"ஸ்கூல் எத்தன மணிக்கு முடியும் டீச்சர்? இன்னிக்கு நான் வந்து கூட்டிக்கிறேன்."

டீச்சர் அலுவலகத்துக்கு ஓடத் திரும்பினார். போலீசை அழைக்க வேண்டும், கேட்டைப் பூட்டச் சொல்ல வேண்டும். அதற்குள் வாணி ஓடி வந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்க வீட்ட யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?"