பஃபர் என்று எழுதிய குழாய்

சின்னுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இந்த முறை அது வந்தது சொந்த அண்ணி மேலேயே.

இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஆய்வகம். பக்கத்து மேசைக்காரியையே அண்ணன் கல்யாணம் செய்துகொண்டால் வேறு என்ன ஆகும்? காட்டுத் தக்காளி ஒன்று எந்தப் பூஞ்சை நோய்க்கும் மசிவதில்லை. அதைக் காப்பாற்றும் புரதத்தின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்திருந்தாள் சின்னு. அண்ணியிடம் இருந்தது வேறொரு செடியின் புரதம். வெள்ளிக்கிழமை இரண்டையும் பூஞ்சை வளரும் ஒரே தட்டில் சோதித்து, நன்றாகத் தடுப்பதை மட்டும் நாற்றுகளுக்குக் கொண்டுபோகலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். தோற்றவள் ஜெயித்தவளுக்கு எடுபிடி.

ஆரம்பத்தில் சின்னுவின் புரதம் ஒரு சொட்டு விழுந்தால் போதும், பூஞ்சை கிட்ட வராமல் சுற்றிலும் பெரிய வெற்று வட்டம் விழும். இப்போது வட்டம் வரவரச் சுருங்கியது. யாரோ தண்ணீர் கலக்கிறார்கள்! போதாக்குறைக்கு, ஆழ்குளிர் பெட்டியில் கதவோரமாக அவள் வைக்கும் டப்பா, மறுநாள் பார்த்தால் உள்ளே தள்ளி இருந்தது.

"அந்தக் கதவு சரியா மூட மாட்டேங்குது, பாத்துக்கோ" என்றாள் அண்ணி ஒருநாள்.

கேட்காமலே ஏன் கதவைப் பற்றிப் பேச வேண்டும்? அன்று முதல், வீட்டில் அண்ணி ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினாலும் ஐஸ் வைக்கிறாள் என்றே சின்னுவுக்குத் தோன்றியது.

நல்ல புரதம் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். மறுபடி செய்ய ஒரு மாதம் ஆகும். செவ்வாய்க்கிழமை சின்னு ஒரு தந்திரம் செய்தாள். புரதத்தைக் கரைக்க உதவும் வெறும் உப்புக் கரைசலுக்கு பஃபர் என்று பெயர். அதை யாரும் திருட மாட்டார்கள். பஃபரைக் குழாயில் ஊற்றி 'புரதம்' என்று எழுதினாள். உண்மையான புரதக் குழாயில் 'பஃபர்' என்று எழுதினாள். இரண்டையும் டப்பாவில் வைத்துவிட்டு, எடுக்கிறவள் எடுக்கட்டும் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலைதான் மறுபடி டப்பாவைத் திறந்தாள். பொய்க் குழாய் பத்திரமாக இருந்தது. மற்றதைக் காணோம்.

"என் டப்பாவுல கை வெச்சீங்களா அண்ணி?"

"ஆமா" என்றாள் அண்ணி, சாவகாசமாக. "கதவோரம் குளிரே நிக்கலை. உன் புரதம் வீணாப் போயிடுமேன்னு தினமும் நான்தான் உள்ள தள்ளி வைக்கிறேன்."

"பஃபர் குழாய் ஒண்ணு இருந்துச்சே..."

"பஃபரைப் போய் யாராவது இதுல வைப்பாங்களா? முந்தாநாளே எடுத்து உன் மேசையில வெச்சுட்டேனே, பாக்கலையா?"

மேசையின் கோடியில், ஜன்னல் வெயிலில் நின்றது அந்தக் குழாய். உள்ளே இருந்தது பால் திரிந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருந்தது. சின்னு ஓடிப்போய் அதை எடுத்தாள்.

அண்ணி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பஃபர் திரியாது என்று அவளுக்குத் தெரியாதா? டப்பாவில் இருந்த இன்னொரு குழாயையும் எடுத்துப் பார்த்தாள்.

"யாருக்குப் பயந்து மாத்தி எழுதினே சின்னு?"

கேட்ட மறுகணமே அது யாரென்று புரிந்து, அண்ணிக்கு முகம் செத்துப்போனது. இரண்டு குழாய்களையும் மேசையில் வைத்துவிட்டு, தன் புரதத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

திங்கட்கிழமை, எடுபிடியாகிவிட்ட சின்னு, ஆழ்குளிர் பெட்டியைத் திறந்தாள். அண்ணியின் டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டிருந்தது. சின்னுவின் டப்பா வைத்த இடத்திலேயே, கதவோரமாக இருந்தது. யாரும் அதை உள்ளே தள்ளவில்லை.