வறுத்த மீனும் முதல் ஒரு மணி நேரமும்

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் அண்ணி மருத்துவமனையில் வயிற்று அமிலம் அளப்பவர். வீட்டில் நாலு பேர் கூடினால் எல்லோரும் அவர் பேச்சைத்தான் கேட்கிறார்கள். என் கதைகளை யாரும் சீந்துவதில்லை. எனவே அவரையே கதையில் போட்டுவிட்டேன்.

'மூக்கு வழியாகக் குழாய் இறங்கியபோது வானம் மெல்ல...'

வேண்டாம். குழாய்க்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

2.
மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுச் செய்யும் அந்தப் பரிசோதனையில் முதல் ஒரு மணி நேரம் நோயாளி சாப்பாட்டை நினைக்கவே கூடாது. சும்மா கிடக்கும் வயிறு எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்று அளப்பார்கள்.

(நினைத்தாலே போதும். மூளை நரம்புக்குச் சொல்லும். நரம்பின் நுனி நியூரோபெப்டைடு என்ற குட்டிப் புரதத் துணுக்கை உதிர்க்கும். அது காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கிளப்பிவிடும், அமிலம் பொங்கும். 'போதும்' என்று அடக்க சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு பெப்டைடு உண்டு. எங்கள் வீட்டில் அந்த வேலை அண்ணனுடையது.)

3.
அன்று வந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூக்கில் குழாயோடு பயந்து விறைத்துக் கிடந்தார். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை, பேச்சுக் கொடுத்தார். லீவு நாளில் தூண்டில் போடுவேன் என்றார் டிரைவர்.

"புடிச்ச மீன என்னண்ணே பண்ணுவீங்க?"

"மிளகு தடவி, மொறுமொறுன்னு வறுத்து, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சு..."

அண்ணியின் கைப் பென்சில் நின்றது. 'இங்கே சாப்பாட்டுப் பேச்சு கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவர்தான்.

அளந்து பார்த்தால் அமிலத்தின் எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதை நம்பினால் டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு எழுதிவிடுவார். உண்மையைச் சொன்னால் எட்டு வருடம் காப்பாற்றிய பெயர் போகும், குழாயையும் மறுபடி இறக்க வேண்டும். டிரைவரோ போகும்போதே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இந்தக் குழாய்னா நான் வரமாட்டேம்மா."

4.
முடிவு ஒன்று: அண்ணி வாயைத் திறக்கவில்லை. டிரைவர் வயிற்றில் தையலோடு...

(அடித்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அண்ணி சொல்கிறார், டாக்டர் சிரித்துக்கொண்டே மன்னிக்கிறார்.

(அந்த டாக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.)

அண்ணியிடமே கேட்டேன். "எழுத்தாளர் நீதான, நீயே சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குத் தைரியம் போதவில்லை. கதையில் அண்ணி இன்னும் டாக்டர் அறை வாசலில், அந்த எண் எழுதிய தாளோடு நிற்கிறார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்த இடத்தில் உங்கள் வாயில் எச்சில் ஊறியதா? ஊறியிருந்தால், அந்த எண் எப்படி ஏறியது என்பதற்கு நீங்களும் சாட்சி.

கதவு சாத்தித்தான் இருக்கிறது. தட்டுவதானால் நீங்கள்தான் தட்ட வேண்டும்.