கையுறையோடு ஏழு நிமிடம்

அக்காவுக்கு அன்று காலையிலேயே அலுத்துவிட்டது. துருவப் பயணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. பனியில் இறங்கும் குட்டி விமானம் எத்தனை கிலோ தூக்கும் என்று மூன்று முறை கேட்டு மூன்று விதமான பதில் வாங்கியிருந்தாள். கரடி விரட்டும் துப்பாக்கிக்கான அனுமதிக் கடிதம் எந்த மேசையில் தூங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு பயணிகளில் ஒருவருக்குப் பால் ஆகாது, ஒருவருக்குக் கடலை ஆகாது, இன்னொருவருக்கு அடுத்தவர் குறட்டை ஆகாது. துருவத்துக்குப் போகிறவர் கூடாரத்தில் தனியறை கேட்டால் அவள் எங்கே போவாள்?

பதினோரு வருடமாக இதே பாடு. தம்பி வழிகாட்டி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு பனிமலை ஏறி இறங்குவான், போட்டோவில் பல் தெரியச் சிரிப்பான். அக்கா டயர் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள், கெஞ்சுவாள், சண்டை போடுவாள். அவன் போன பிறகு, தினமும் சாயங்காலம் சாட்டிலைட் போனில் ஒரு வரி வரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இந்தத் தடவையோடு அவன் நிறுத்திவிட வேண்டும் என்று வருடா வருடம் மனசுக்குள் வேண்டிக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று சோதனை நாள். இவர்கள் கொண்டுபோகும் பலகைக்கு ஸ்ப்ளிட்போர்டு என்று பெயர். நடுவே இரண்டாகப் பிரியும். பிரித்து, காலுக்கு ஒன்றாக மாட்டி, அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, இரண்டையும் ஒன்றாகக் கோர்த்து, காலணிப் பிடியைத் தள்ளிப் பொருத்தி, கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு முளையைச் செருகினால் ஒரே பலகை. அதில் நின்று சறுக்கி இறங்கலாம். வீட்டுக் கூடத்தில் இது குழந்தை விளையாட்டு. அங்கே, அடிக்கிற காற்றில், தடித்த கையுறையோடு செய்ய வேண்டும். முளை போக மாட்டேன் என்கிறதே என்று கையுறையைக் கழற்றியவனுக்கு விரல் மிஞ்சுவது சந்தேகம். அதனால் தம்பி ஒரு சட்டம் வைத்திருந்தான்: ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும், கையுறையைக் கழற்றக் கூடாது, கழற்றினால் பயணம் இல்லை. இதில் அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

சோதனை நடப்பது ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில். மைனஸ் இருபத்தைந்து டிகிரி. அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் வயதுவந்த மனிதர்கள் பலகையைப் பிரிப்பதையும் கோர்ப்பதையும் பார்த்து, அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அக்கா ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் பட்டியலுமாக பல் கிட்ட நின்றுகொண்டிருந்தாள்.

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். கடைசி ஆள் பல் டாக்டர். ஐம்பத்தாறு வயது. போன மாதம் இதே இடத்தில், ஐந்தாவது நிமிடத்தில் பொறுமை போய்க் கையுறையைக் கழற்றிவிட்டார். அவருக்குப் பயணம் இல்லை என்று தம்பி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மனிதர் கையுறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, க்ளினிக்கில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கையுறையும் பலகையுமாகவே இருந்தாராம். இன்று அவருக்கு இரண்டாவது வாய்ப்பு. ஆறு நிமிடம் நாற்பது வினாடி. எல்லாரும் கை தட்டினார்கள். தடித்த கையுறைகளில் சத்தமே எழவில்லை.

சந்தோஷத்தில் டாக்டர் தம்பியிடம் திரும்பினார். தனக்கு எங்கே நேரம் வீணாகிறது என்று தெரிய வேண்டும், நீங்கள் ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேட்டார். தம்பி நேரமாகிவிட்டது என்றான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அக்காவும் சும்மா இருக்காமல், "செய்யேன்டா, அஞ்சு நிமிஷம்தானே," என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

பட்டையை ஒரே இழுப்பில் உரித்தான். பலகை கோர்த்தது. பிடிகள் பொருந்தின. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு முளை வந்தது. ஒருமுறை நழுவியது. எடுத்தான், மறுபடி நழுவியது. கையில் முளை இருக்கிறதா என்று அவன் குனிந்து பார்த்துப் பார்த்துச் செருகுவதை அக்கா கவனித்தாள். ஆறு நிமிடம். ஆறரை. ஏழும் தாண்டியது. தம்பி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு வெறும் கையால் முளையைச் செருகினான்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். "போன மாசம் நான் பண்ணின கூத்தை அப்படியே நடிச்சுக் காட்டறார்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அக்காவுக்கு எல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. போன பயணம் முடிந்து வந்ததிலிருந்து பொத்தான் வைத்த சட்டையை அவன் தொடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடு என்று நீட்டுவான். சோம்பேறி, துரைக்கு நான் வேலைக்காரியா என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அவனை வெளியே லாரி நிற்கிற மேடைக்கு அழைத்து வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"எப்பலேருந்துடா?"

"போன தடவை பனியில விறைச்சுப் போனதுலேருந்து." அவன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "கட்டைவிரல், அதுக்குப் பக்கத்து விரல். தொட்டா ஒண்ணும் தெரியல. சரியாப் போயிடும்னு பார்த்தேன்."

அக்கா பட்டியலைப் பார்த்தாள். விமானக்காரர்களுக்கும் இன்சூரன்சுக்கும் அவள் கையெழுத்தோடு போகிற தாள். கடைசி வரியில் வழிகாட்டி, ஆறு நிமிடம், கையுறை கழற்றவில்லை என்று அச்சடித்திருந்தது. முதல் வருடம் அவன் வாயால் சொன்னதை எழுதியது. அதற்குப் பிறகு வருடா வருடம் அதே வரியை அப்படியே ஏற்றிவிடுவாள். சோதனை வைத்த ஆளுக்கே சோதனை வைக்க அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போதும் கையெழுத்துப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

பதினோரு வருடம் வேண்டிக்கொண்டது கையில் வந்து விழுந்திருக்கிறது. அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. அழுகைதான் வந்தது. அவன் இந்த மலைகள் இல்லாமல் எப்படி இருப்பான் என்று யோசித்தாள். தன் வாயிலிருந்தே இப்படி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"உன்கூட இன்னொரு வழிகாட்டி வர்றாளே. உன் பலகையை அவ கோர்த்துக் குடுக்க மாட்டாளா?"

"அவளே பனி வெடிப்புல விழுந்துட்டா? முடிச்சுப் போட்டு மேல இழுக்கறது யாரு? இந்தக் கையா?"

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"எழுதுக்கா. டாக்டரை ஒரு வார்த்தை பேச விடாம அனுப்பினவன் நான்."

அக்கா அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். முடிக்கவில்லை, கையுறை கழற்றினார் என்று எழுதினாள். மற்ற ஆறு பேருக்கும் எழுதியதுபோல மரியாதையாகவே எழுதினாள்.

தம்பி கிடங்குக் கதவுப் பக்கம் நடந்தான். உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் அது நடிப்பில்லை என்று சொல்ல வேண்டும். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"எனக்குப் பதிலா யாரைக் கூப்பிட்டாலும், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், இங்க கூட்டிட்டு வந்து செய்ய வெச்சுப் பாரு," என்றான். "என்னை விட்ட மாதிரி விட்டுடாதே."