அறுபத்து நான்கு அணா

பவுனுவின் குடிசையில் பெண்கள் இரண்டு பேர், புடவை ஒன்று. பவுனு அதைக் கட்டிக்கொண்டு கூலிக்குப் போனால், மகள் அம்சா இடுப்பில் கோணிச் சாக்கைச் சுற்றி, மேலே அப்பனின் கிழிந்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். மறுநாள் அம்சா கட்டிக்கொண்டு போவாள். சாக்கு பவுனுவுக்கு வந்து சேரும். கிளியனூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சேரியில் பாதி வீடுகளின் கதை இதுதான். சண்டை முடிந்துவிட்டது, வெள்ளைக்காரன் ஜெயித்துவிட்டான் என்று தமுக்கு அடித்துச் சொல்லி இரண்டு மாதமாகிறது. எவன் ஜெயித்தால் என்ன, துணி மட்டும் வந்தபாடில்லை.

ஐப்பசி பிறந்து மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற காலம். புன்செய்க் கொல்லையில் ஆள் போதவில்லை. எத்தனை பேர் வந்தாலும் கூலி உண்டு, தலைக்கு நாளொன்றுக்கு மூன்று அணா. இரண்டு பேர் போகிற வீட்டில் ஆறு அணா. பவுனுவின் வீட்டில் புடவை ஒன்று என்பதால் மூன்று அணாதான். புருஷன் வீரமுத்து இருபது நாளாகப் படுக்கையில் கிடந்தான். முறை ஜுரம். ஒரு நாள் பல் கிட்டித்துப் போகிற அளவுக்கு நடுக்கும், மறுநாள் விட்டுவிடும். விட்ட நாளிலும் எழுந்து உட்காரத் தெம்பில்லை.

வீட்டில் மிச்சமிருந்த சொத்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அதைத் திண்டிவனம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு பவுனு கிளம்பியபோது வீரமுத்து கூப்பிட்டான்.

“காசு வந்தா மொதல்ல துணி வாங்கு. வயசுப் பொண்ணு சாக்கக் கட்டிக்கினு மூலைல குந்திக்கினு கீது. என்னால பாக்க முடியல.”

“ஒனக்கு மாத்திர?”

“மிச்சமிருந்தா பாத்துக்கலாம். நான் எங்க போறேன்?”

பத்து மைல் நடந்து குட்டியை நான்கு ரூபாய்க்கு விற்றாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே கம்பவுண்டர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். அவர் உள்ளே இருந்தபடியே சொன்னார்: “கொய்னா ஆறு மாத்திரை, ஒன்றரை ரூபா. ஆறையும் போட்டாத்தான் ஜுரம் போவும். பாதி வாங்கினா அது பாட்டுக்கு நாலு நாள் கழிச்சுத் திரும்பி வரும். பாதி விக்கவும் மாட்டேன்.” சந்தையில் கேப்பை படி மூன்று அணா. நான்கு படி இருந்தால் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு வாரம் ஓட்டலாம். அதற்குப் பன்னிரண்டு அணா.

துணி விலைதான் தெரியவில்லை. சர்க்கார் விலைக்குத் துணி தருகிற கண்ட்ரோல் கடை முன்னால் கூப்பனும் கையுமாக ஒரு கூட்டம் வெயிலில் நின்றது. பவுனு தன் ஜனங்கள் நிற்கிற தனி வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பி, “கூப்பனுக்கு எட்டு முழமாம். ஒண்ணே முக்கா ரூபாயாம்” என்றாள்.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்று பவுனு விரலை மடக்கினாள். துணிக்கு இருபத்தெட்டு அணா. மாத்திரைக்கு இருபத்து நான்கு. கேப்பைக்குப் பன்னிரண்டு. கூட்டினால் அறுபத்து நான்கு. நான்கு ரூபாய்க்கு ஒரு அணா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவை மடக்கினாள். சரியாகவே வந்தது. அவள் பிறந்த நாளிலிருந்து எதுவும் இப்படிக் கச்சிதமாக அமைந்ததில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. மகளுக்குத் துணி, புருஷனுக்கு மருந்து, மூன்று வயிற்றுக்குக் கஞ்சி. சாமி கண் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

சாமி கண் திறந்த லட்சணம் வரிசையின் முனைக்குப் போனதும் தெரிந்தது. கடைக்காரர் பலகைமேல் எடுத்துப் போட்டது வெள்ளைக் காடாத் துணி. கரை இல்லை, கோடு இல்லை, ஒரு நூல் சாயம் இல்லை.

“கலர் இல்லீங்களா, மொதலாளி?”

“கலரா? நீ இன்னா கல்யாணத்துக்கா வந்தே? இந்த வாரம் வந்தது இதான். வாங்கினா வாங்கு, இல்லாட்டி வழிய வுடு.”

பவுனுவின் கை கூப்பனை நீட்டாமல் நின்றுவிட்டது. பின்னால் காசியம்மாள் என்றொருத்தி நின்றாள். காலையிலிருந்து வரிசை முழுவதற்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தவள். “இன்னாடி ரோசன பண்ணிக்கினு கீறே? ஒரு மஞ்சளத் தட்டி முக்கி எடுத்தா கலராப் போவுது” என்றாள்.

“வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடக்கிறாரு, அக்கா.”

படுத்துக் கிடக்கிற மனுஷன் வீட்டுக்குள் புது வெள்ளைத் துணியைக் கொண்டுபோனால் அதற்குப் பெயர் துணி இல்லை, கோடி. பிணத்தின்மேல் போர்த்துகிற கோடி. மஞ்சளில் முக்கினாலும் உள்ளே இருப்பது அதுதானே? ஊரார் வாயை விடுங்கள். அதை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எந்த முகத்தோடு அவன் எதிரே போய் நிற்பது? காசியம்மாள் குரலைத் தாழ்த்தி, “அப்பிடின்னா வாங்காதடி” என்றாள்.

பவுனு வரிசையை விட்டு விலகினாள்.

பின்புறச் சந்தில் ஒருவன் கூப்பன் கேட்காமல் கலர்ப் புடவை விற்றுக்கொண்டிருந்தான். அரக்குச் சிவப்பு, கறுப்புக் கரை. பிளாக்கில் மூன்றே கால் ரூபாய். அதற்குக் கீழே ஒரு காலணா இறங்கமாட்டேன் என்றான். ஐம்பத்திரண்டு அணா போனால் மிச்சம் பன்னிரண்டு. கேப்பைக்குச் சரி. மாத்திரைக்கு இல்லை.

அந்தச் சந்தில் சுவரோரமாக அவள் வெகுநேரம் நின்றாள். துணியே வேண்டாம், மாத்திரையும் கேப்பையும் போதும் என்று ஒரு தடவை காலைத் திருப்பினாள். சாக்கைச் சுற்றிக்கொண்டு மூலையில் இருந்த அம்சா நினைவுக்கு வந்தாள். ஒரே புடவையோடு இருந்தால் காலத்துக்கும் மூன்று அணாதான் என்பதும் நினைவுக்கு வந்தது. புடவை வந்தால் நாளைக்கே இரண்டு பேர் கொல்லையில் இறங்கலாம். நாளைக்கு ஆறு அணா. நான்கே நாளில் இருபத்து நான்கு அணா சேர்ந்துவிடும். கொல்லை மேஸ்திரி முத்துசாமி கூலி கொடுப்பது ஐந்தாம் நாள் சாயங்காலம். ஆறாம் நாள் காலையில் மாத்திரை. இருபது நாள் தாங்கின மனுஷன் ஐந்து நாள் தாங்கமாட்டானா?

கணக்கில் பிசகு ஏதும் இல்லை. முடிச்சை அவிழ்த்தாள்.

வீடு திரும்பியதும் புடவையைப் பார்த்து அம்சா முதலில் சிரித்தாள், பிறகு அதை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ஜுரம் வருகிற நாள்; நடுக்கம் அப்போதுதான் அடங்கியிருந்தது. வீரமுத்து கையை நீட்டிக் கரையைத் தடவிப் பார்த்தான்.

“கலராவே கெடச்சிச்சா? கண்ட்ரோல்லயா?”

“ஆமாய்யா. இன்னிக்கிதான் வந்துச்சாம்.”

“மாத்திர?”

“அது இப்ப ஸ்டாக்கு இல்லியாம். ஆறு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க.”

“சரி, ஆவட்டும்” என்றான். அவன் நம்பினானா, நம்பியதுபோலக் காட்டிக்கொண்டானா என்று பவுனுவுக்குக் கடைசிவரை தெரியாது. வெள்ளைத் துணியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியும்போது தாயும் மகளும் சேர்ந்து கொல்லைக்கு நடந்தார்கள். அம்சா அரக்குப் புடவையில் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்துப் பவுனுவுக்குக் கொஞ்சம் பெருமை. இருவரும் எதிரெதிரே குந்தி மல்லாட்டை ஆய்ந்தார்கள். நாள் முடிந்ததும் “ஆறு” என்றாள் பவுனு. மறுநாள் “பன்னண்டு” என்றாள். மாத்திரையை எட்டிப் பிடிக்க ஓடுவதுபோலத்தான் அவள் கை ஓடியது.

அவள் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. புடவை ஒன்றாக இருந்தவரை வீட்டில் எப்போதும் ஒருத்தி இருந்தாள். சாக்கைச் சுற்றிக்கொண்டாவது பக்கத்தில் உட்கார்ந்து, நடுக்கம் வந்தால் காலை அமுக்கிப்பிடித்து, வாயில் கஞ்சியும் தண்ணீரும் விட்டாள். அதற்குக் கூலி கிடையாது. அதனால் அதற்கு எத்தனை அணா என்று எவரும் போட்டுப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அம்சா, “நான் வேணா வூட்ல இருக்கட்டுமாம்மா?” என்று கேட்டாள். “இருந்துக்கினு இன்னா பண்ணப் போற? நீ வந்தாத்தான் மாத்திர” என்றாள் பவுனு. பக்கத்துக் குடிசைக்காரர்களும் காலையிலேயே கொல்லைக்குப் போய்விடுகிறவர்கள். பகலில் சேரியில் நாய்கள் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் ஜுரம் வராத முறை. வீரமுத்துவே, “ரெண்டு பேருமாப் போய்க்கினு வாங்க, எனக்கு ஒண்ணுமில்ல” என்று அனுப்பினான். பவுனு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு பாயின் ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மேஸ்திரி இருவருக்கும் சேர்த்து ஒரு ரூபாய் பதினாலு அணாவை எண்ணி வைத்தார். ஒன்றரை ரூபாய் மாத்திரைக்கு, மிச்சம் ஆறு அணாவுக்குக் கேப்பை. முந்தானையில் முடிந்துகொண்டு பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். “விடிஞ்சதும் போய் வாங்கியாந்துடறேன்யா” என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். தொட்டுப் பார்த்தாள். ஜுரமில்லை; உடம்பில் சூடே இல்லை. செம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. எந்த நேரத்தில் போனான், யாரைக் கூப்பிட்டான் என்று சொல்ல ஒரு உயிர் அங்கே இல்லை. அம்சா அலறினாள். பவுனு மட்டும் அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எடுக்கவேண்டும். கோடி போர்த்தாமல் ஒரு மனுஷனைப் பாடையில் ஏற்ற முடியாது. சேரி முழுக்கத் தேடியும் ஒரு முழம் புதுத்துணி அகப்படவில்லை. அம்சா விசும்பிக்கொண்டே, “என் பொடவையப் போத்திடுங்க” என்றாள். கூடாது, கலர்த்துணி கோடியாகாது என்றார்கள். அப்போதுதான் பவுனு வாயைத் திறந்தாள். வீரமுத்துவின் தம்பி முருகையனைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்து செலவழியாத அந்தக் கூப்பனையும், முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த காசு அத்தனையையும் அவன் கையில் வைத்தாள்.

“திண்டிவனத்துக் கண்ட்ரோல் கடைல கேளு, தம்பி. இருக்கும்.”

முருகையன் தன் காசில் முதல் பஸ்ஸுக்குப் போய் உச்சிவேளைக்குத் திரும்பிவிட்டான். கையில் எட்டு முழம் வெள்ளைக் காடா.

“கட்டு கட்டா அடுக்கி வெச்சிருக்கான், அண்ணி. ஒரு வாரமா எவனும் தொடலையாம். விழுப்புரத்துல பிளாக்ல கூட கோடித் துணி கெடைக்காம ஜனங்க அலையறாங்க. நம்ம நல்ல காலம், கண்ட்ரோல் வெலையிலயே ஒண்ணே முக்காவுக்கு முடிஞ்சிபோச்சி” என்று சொல்லி, மிச்சம் இரண்டு அணாவை அவள் கையில் கொடுத்தான்.

ஆமாம், நல்ல காலந்தான் என்று சுற்றி நின்றவர்களும் சொன்னார்கள். அதுவரைக்கும் அழாதிருந்த பவுனு அந்த இரண்டு அணாவை மண்ணில் வீசி எறிந்தாள். வயிற்றில் அடித்துக்கொண்டு, “வாணாம்னேனே! வாணாம்னுதானே வந்தேன்!” என்று கத்தினாள். எதை வேண்டாமென்றாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஏதோ பிதற்றுகிறாள் என்று இரண்டு பெண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். முருகையன் துணியை உதறி அண்ணன்மேல் போர்த்தினான். புதுத்துணி மொடமொடவென்று நின்றது.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். நான்காம் நாள் விடிந்ததும் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை. எறிந்த இரண்டு அணாவையும் அம்சா பொறுக்கி வைத்திருந்தாள், பாலுக்குப் போய்விட்டது. மல்லாட்டைக் கொல்லையில் இன்னும் ஐந்து நாள் வேலை இருந்தது. பவுனு பழைய புடவையைக் கட்டிக்கொண்டாள், அம்சா அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

“ரெண்டு பேருமாம்மா போறோம்?” என்று வாசலில் நின்று கேட்டாள் அம்சா.

பவுனு குடிசைக்குள் திரும்பிப் பார்த்தாள். சுருட்டிய பாயும் சுவரோரம் அந்தச் செம்பும் இருந்தன.

“ரெண்டு பேருந்தான்” என்று சொல்லித் தட்டியைச் சாத்தினாள்.